ஊசி முனையில் கிடந்த வளையம்

அன்பு மகளுக்கு, அப்பா வாயால் சொல்ல, வேறொரு கை எழுதுகிற கடிதம். இங்கே நானும் உன் அம்மாவும் எழுந்து நடமாடிக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு, ஒருவர் மேல் ஒருவர் குறை சொல்லும் அளவுக்குத் தெம்பாகவே இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் அந்தக் குளிரில் ஒரு தும்மல்கூட இல்லாமல் இருக்க வேண்டும், எங்களுக்கு அது போதும். அம்மாவின் மணிக்கட்டில் போட்டிருந்த மாவுக்கட்டைப் பிரித்துவிட்டார்கள், எலும்பு நன்றாகச் சேர்ந்துவிட்டதாம், ஆனால் விரல் மடக்கிப் பழக வியாழக்கிழமை தோறும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், அங்கே ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்துப் பிசையச் சொல்கிறார்களாம், வீட்டிலும் பிசையச் சொன்னார்கள், பிசைகிறாள், பிசையும்போது என்னைத்தான் பார்த்துக்கொண்டே பிசைகிறாள்.

எழுதுகிறவர் யார் என்று கையெழுத்தைப் பார்த்ததுமே உனக்குத் தெரிந்திருக்கும். பக்கத்து வீட்டுக் கடிகாரக்காரரேதான். எனக்குத் தெரிந்த எழுத்து என் கட்டைவிரல் ஒன்றுதான், உன் அம்மா எழுத்துக் கூட்டுவதற்குள் தபால் பெட்டி மூடிவிடும், வேறு யாரிடம் போவேன். ஆனால் இது எப்போதும் எழுதுகிற கடிதம் மாதிரி இல்லை. இதில் அவரைப் பற்றித்தான் பாதிக்கு மேல் வரும், நல்லதாகவும் வராது. ஒரு சொல் விடாமல், ஒரு சொல் மாற்றாமல் எழுதுகிறேன் என்று வாக்கு வாங்கிக்கொண்டுதான் உட்கார வைத்திருக்கிறேன். எழுதி முடித்ததும் திருப்பிப் படிக்கச் சொல்வேன். நான் சொன்னதில் ஒன்று குறைந்தாலும் எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். படிக்காதவனுக்கு மனசுதான் காகிதம், அதில் அழிக்கிற ரப்பர் கிடையாது.

முதலில் உன்மேல் இருக்கிற வழக்கைச் சொல்லிவிடுகிறேன். போன கடிதத்தில் நீ முதலில் அம்மா கையைக் கேட்டாய், சரி, அது நியாயம். அதற்கடுத்து மாமா எப்படி இருக்கிறார், இருமல் நின்றதா என்று கேட்டாய். அதற்கடுத்து பூனை குட்டி போட்டதா என்று கேட்டாய். அதற்கப்புறம்தான் அப்பா வருகிறேன். பூனைக்கும் பின்னால் வருகிறேன். அதைப் படித்துக் காட்டினவரும் இவர்தான், தன் பெயர் வந்த இடத்தில் குரலைக் கொஞ்சம் தாழ்த்திப் படித்தார், அதுவும் எனக்குத் தெரியும். மாமா மாமா என்கிறாயே, எந்த வழியில் மாமா? அம்மாவுக்குக் கூடப்பிறந்தவரா, இல்லை. அப்படியே வைத்துக்கொண்டாலும் எனக்கு மச்சான் ஆகிறார், மச்சான் என்றால் வாய்க்கு வந்தபடி கேலி பேச எனக்கு உரிமை உண்டு, இவரோ ஒரு சொல் கூடச் சொன்னால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிடுகிறார். இப்போதும் துடைக்கிறார். எழுதுய்யா, துடைத்ததையும் எழுது. இன்னொன்று, அவர் வீட்டில் தொலைபேசி இருப்பதால் நீ அங்கேதான் கூப்பிடுகிறாய், அவர் வந்து சொல்லி, நாங்கள் செருப்பு மாட்டிக்கொண்டு போய்ச் சேருவதற்குள் நீயும் அவரும் ஊர்க்கதை உலகக்கதை எல்லாம் பேசி முடித்திருப்பீர்கள். எனக்கு மிஞ்சுவது, சாப்பிட்டீங்களா அப்பா, உடம்பைப் பார்த்துக்கோங்க அப்பா, இவ்வளவுதான். சக்கையை எனக்கு வைத்துவிட்டுச் சாற்றை அவருக்கு ஊற்றிவிடுகிறாய்.

இப்போது வண்டிக்கு வருகிறேன். நம் மோட்டார் வைத்த சைக்கிளை நீ மறந்திருக்க மாட்டாய், சலவைக் கடை மூட்டைகளை அதில்தான் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன், பெட்ரோல் டேங்கின்மேல் மடித்த துண்டைப் போட்டு உன்னை உட்கார வைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோனேன், வண்டி தும்முதுப்பா, அதுக்குச் சளி என்று சொல்வாய். மழைக்கு முன்னால் மரக்கடைத் திருப்பத்தில் நானும் அம்மாவும் விழுந்தோமே, அதற்குக் காரணம் மணல். லாரியிலிருந்து கொட்டிய மணல். நீ எத்தனை தடவை வேறு காரணம் சொன்னாலும் நான் மணலை மாற்றிச் சொல்லப் போவதில்லை. அதற்கப்புறம் அம்மா கை ஆறும்வரை வண்டி சுவரோரம் சும்மா நின்றது. நின்ற வண்டிக்கு நோய் வரும், படுத்த மனுஷனுக்கு வருகிற மாதிரி. எடுத்துத் துடைத்து மிதித்துப் பார்த்தால் கார்புரேட்டரிலிருந்து பெட்ரோல் சொட்டுகிறது. பழைய பெட்ரோல் காய்ந்து பிசினாகி ஊசியில் ஒட்டியிருக்கும், அதைக் கழுவினால் சரியாகும், அது எனக்குத் தெரிந்த வைத்தியம். அதற்குள் உன் அம்மா, சமையல்கட்டு வரைக்கும் நாத்தம், உங்க கண்ணுக்கு அந்த ஊசி எங்க தெரியப்போவுது, அவரு கையில குடுங்க, நாள் பூரா ஊசிமுனையிலயே உசுரு வாழ்றவரு என்றாள். என் வண்டி. என் கார்புரேட்டர். அவரு கையில குடுங்க. கொடுத்தேன்.

துணியில் பொதிந்து எடுத்துப் போனார், சில நாள் வைத்திருந்தார், அதே துணியில் பொதிந்து கொண்டுவந்தார். பிரித்தால் புதுப் பாத்திரம் மாதிரி மின்னுகிறது. மாட்டினேன். பெட்ரோல் குழாயைத் திறந்தேன். முன்னே சொட்டினது இப்போது ஒழுகுகிறது. எனக்கு உள்ளுக்குள் எவ்வளவு சந்தோஷம் தெரியுமா மகளே, வண்டி கெட்டதே என்று ஒரு நிமிஷம்கூட வருத்தம் இல்லை, பார்த்தாயா உன் கடிகாரக்காரர் லட்சணத்தை என்று அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்துவிட்டு, பாகம் தேஞ்சு போச்சு அண்ணே, இந்த மாடலுக்கு இப்போ எங்கயும் கிடைக்காது, கீழ சூடான இஞ்சின், மேல ஒழுகுற பெட்ரோல், ஓட்டவே ஓட்டாதீங்க என்றார். அம்மாவும், அவரு சொன்னா சரியாத்தான் இருக்கும், நெருப்பு மேல உக்காந்து நான் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்றுவிட்டாள். அப்படியானால் எப்படிப் போவாய் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. மொபெட் இருக்குல்ல அண்ணே, நான் கொண்டுபோய் விட்டுட்டு வர்றேன் என்றார் இவர்.

அன்றிலிருந்து வியாழக்கிழமை என்றாலே எனக்கு ஆகாத நாள். நான் வாசலில் நின்று வழியனுப்ப வேண்டும். இவர் இஸ்திரி போட்ட சட்டையில் வருகிறார், எங்கள் சலவைக் கடை மடிப்புதான் அது, எனக்குத் தெரியாதா. உன் அம்மா பழைய போர்வையைக் கிழித்து அந்த மொபெட் கேரியருக்கு ஒரு மெத்தை தைத்தாள், ஊசி பிடிக்க முடியாத அந்தக் கையால் தைத்தாள். ஏன் என்று கேட்டால் விரலுக்குப் பயிற்சியாம். என் வண்டிக் கேரியர் வெறும் இரும்பு, இத்தனை வருஷமாக அதில் உட்கார்ந்து வந்தவள்தானே, அப்போது விரலுக்குப் பயிற்சி வேண்டியிருக்கவில்லை. போன மாசம் ஒருநாள் தெருமுனை திரும்பும்போது அவள் சிரித்தாள். சத்தமாகச் சிரித்தாள். என் பின்னால் உட்கார்ந்தவரைக்கும் அவள் வாயிலிருந்து வந்தது மெதுவா, மெதுவா, பள்ளம், பள்ளம், இவ்வளவுதான். திரும்பி வந்ததும் என்ன சிரிப்பு என்று கேட்டேன். அவரு ஒண்ணும் சொல்லலைங்க, காத்து மூஞ்சியில அடிச்சுது, சிரிச்சேன் என்றாள். என் வண்டியில் காற்று அடித்ததில்லையா? அவள் மொபெட்டில் எதைப் பிடித்துக்கொண்டு போகிறாள் என்று ஒருநாள் மாவு மில் வரை குறுக்குச் சந்தில் நடந்துபோய் மறைந்து நின்று பார்த்தேன். கேரியர் கம்பியைத்தான் பிடித்திருந்தாள். என் வண்டியில் சட்டையைப் பிடிப்பாள். அந்த ஒன்றுதான் ஆறுதல். இதை எழுதச் சொன்னதும் இவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அண்ணே, மகளுக்கு எழுதுற விஷயமா இது என்கிறார். மகளுக்கு எழுதாமல் மாவு மில்காரனுக்கா எழுதுவேன், எழுதும் என்றேன்.

இதெல்லாம் போதாதென்று தினம் சாயங்காலம் வந்து நம் வண்டிப் பக்கம் குனிந்து எதையோ தொட்டுவிட்டு, அம்மாவிடம் கை எப்படி இருக்கு என்று கேட்டு, டீ குடித்துவிட்டுப் போவார். வண்டிக்காக வருகிறாரா டீக்காக வருகிறாரா என்று நானும் ஜாடையாகக் கேட்டுப் பார்த்தேன், உன் அம்மா என்னைக் கண்ணாலேயே சுட்டாள். தலை நரைச்சும் இந்தப் புத்தி போகலையே உங்களுக்கு, ஊரே சிரிக்கும் என்றாள். சிரிக்கட்டும். ஆசைக்கு நரை உண்டா?

போன திங்கட்கிழமை அம்மா குளியலறைக்குப் போன சமயம் பார்த்து, தரையில் சாக்கை விரித்து, எனாமல் தட்டு ஒன்றை வைத்துக்கொண்டு நானே கார்புரேட்டரைக் கழற்றினேன். பாகம் தேய்ந்ததென்றால் எந்தப் பாகம், எனக்கும் தெரியட்டுமே. பெட்ரோல் குழாயை மூடினேன், அடிக் கிண்ணத்தின் திருகுகளைக் கழற்றினேன், கிண்ணத்துக்குள் ஒரு பித்தளைக் குண்டு மிதக்கும், பெட்ரோல் ஏற ஏற அது மேலே எழும்பி ஒரு ஊசியைத் தள்ளும், ஊசி போய் வழியை அடைக்கும், பெட்ரோல் நிற்கும், இவ்வளவுதான் அதன் சூட்சுமம். குண்டை எடுத்துக் காதோரம் குலுக்கினேன், உள்ளே தளும்பல் இல்லை, ஓட்டை இல்லை. கிண்ணத்து விளிம்பில் வைக்கும் அட்டை புதிது, கத்தரித்த விதத்தைப் பார்க்க வேண்டுமே, பிசிறு கிடையாது. பிசின் ஒரு துளி இல்லை, துவாரம் ஒவ்வொன்றும் சுத்தம். இப்படி வேலை செய்தவன் கையில் ஒழுகல் எப்படி வரும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஊசியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன், ஒன்றும் தெரியவில்லை. கண்ணை விட்டுவிட்டு நகத்தை வைத்து முனையிலிருந்து மெல்ல இழுத்தேன். நகம் ஒரு இடத்தில் தட்டியது. நாக்கு நுனியை வைத்துப் பார்த்தேன், ஒரு விளிம்பு. ஊசி முனைக்கு மோதிரம் போட்ட மாதிரி ஒரு வளையம். எறும்புக்கு வளையல் போடலாம், அவ்வளவு சின்னது. அது இருக்கிறவரை ஊசி முழுசாக உட்காராது, உட்காராவிட்டால் ஒழுகாமல் என்ன செய்யும். எந்த மோட்டாரிலும் அப்படி ஒரு வளையம் கிடையாது மகளே. கைக்கடிகாரத்துக்குள்தான் இருக்கும்.

உள்ளங்கையில் அதை வைத்து மூடிக்கொண்டு நேராக அவர் வீட்டுக்குப் போனேன். ஒற்றைக் கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு ஏதோ கடிகாரத்தைக் குடைந்துகொண்டிருந்தார். மேஜைமேல் வைத்தேன். பார்த்தார். பூதக்கண்ணாடி கண்ணிலிருந்து நழுவி விழுந்தது, அதை எடுக்கக்கூட இல்லை. என்னவெல்லாம் கேட்டேன் என்று எழுத வேண்டாம், அதை மட்டும் நானே விட்டுவிடச் சொல்கிறேன், பேத்தி படிக்கிற வயசு வந்தால் படிப்பாள். அவர் சொன்னதை மட்டும் எழுதும். உங்க பொண்ணு போன்ல அழுதுச்சு அண்ணே, அப்பா கண்ணு எப்படி இருக்குன்னு கேட்டுச்சு, எனக்குப் பொய் சொல்ல வரலை, நாலு வீடு தள்ளி ஆளே தெரியலைன்னு சொல்லிட்டேன், அப்போ எப்படியாவது அந்த வண்டிய அப்பாவுக்குத் தெரியாம நிறுத்திடுங்க மாமா, சொன்னா மனசு ஒடிஞ்சிடுவாருன்னு சொல்லுச்சு. நான் அழுக்கை எல்லாம் எடுத்து ஒழுகலைச் சரி பண்ணிட்டுத்தான் இதைப் போட்டேன். ஊசியை அரத்துல ரெண்டு இழுப்பு இழுத்திருந்தா முடிஞ்சிருக்கும், கைக்கு வரலை, நல்ல ஊசி அண்ணே அது. தினம் வந்தது பெட்ரோல் குழாய் மூடியிருக்கான்னு பாக்கத்தான், தீ கீ பிடிச்சிடக் கூடாதே. இதுதான் அவர் சொன்னது. கெடுக்கிற வேலையைக்கூட நாளைக்குத் திருப்பி எடுக்கிற மாதிரி ஒருத்தன் செய்திருக்கிறான். நல்ல ஊசி என்று சொன்னாரே, அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அன்றைக்கு அவர் மேஜையைக் கவிழ்க்காமல் வந்தேன்.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம், உனக்கும் இதில் பங்கு உண்டா என்று கேட்டேன். எனக்குத் தெரியாதுங்க, தெரிஞ்சிருந்தா நானே ரெண்டு வளையம் சேர்த்துப் போட்டிருப்பேன் என்றாள். பந்தைப் பிசைந்துகொண்டே சொன்னாள். இப்படி வீடும் பக்கத்து வீடும் கடல் தாண்டி இருக்கிற வீடும் ஒன்று சேர்ந்துகொண்டால் ஒரு கிழவன் எங்கே போய் முறையிடுவான்.

வண்டியை நிறுத்தியதில் எனக்கு இவ்வளவு எரிச்சல் இல்லை, நம்பினால் நம்பு. நீ அழுதாயாமே. அந்த அழுகையை அவரிடம் அழுதாய். என் கண்ணைப் பற்றிய கவலையை என்னிடம் சொல்லாமல் அடுத்த வீட்டுக்காரரிடம் சொன்னாய். என் மனசு ஒடியும் என்று பயந்தாய், சரி, இப்போது ஒடியவில்லையா, இரண்டாக ஒடிந்தது, ஒரு துண்டு இவரால், ஒரு துண்டு உன்னால். அம்மா அவர் பின்னால் உட்கார்ந்து போனதைக்கூட ஆஸ்பத்திரி என்று சொல்லிப் பொறுத்தேன். பெற்ற மகள் அவரிடம் அழுததை எந்தக் கணக்கில் பொறுப்பேன்? என்னிடம் கேட்டிருந்தால் நானே சொல்லியிருப்பேன். இடது கண்ணில் எப்போதும் புகை, அடுப்பு இல்லாத புகை. வலது கண் பரவாயில்லை, ஆனால் சாயங்காலம் ஆனால் அதுவும் கடையை மூடிவிடுகிறது. இதை யாரிடமும் சொன்னதில்லை, ஏனென்றால் யாரும் என்னிடம் கேட்கவில்லை, எல்லாரும் என்னைப் பற்றி வேறு யாரிடமோதான் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். இதை எழுதும்போது இவர் தலை நிமிரவில்லை.

வண்டி இப்போது ஒழுகவில்லை. வளையத்தை எடுத்துவிட்டு மாட்டி, அடியில் காகிதத்தைப் போட்டு ஒரு பகல் பூராவும் பார்த்தேன், ஒரு பொட்டுக்கூட விழவில்லை. ஸ்டார்ட் செய்தால் ஒரே மிதியில் பிடித்தது, அந்தச் சத்தத்துக்கு உன் அம்மா சமையல்கட்டிலிருந்து வெளியே வந்து கரண்டியோடு நின்றாள். நாளைக்கு வியாழக்கிழமை. யார் வண்டியில் போவாள் என்று அவளும் கேட்கவில்லை, இவரும் கேட்கவில்லை, இரண்டு பேரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு திரிகிறார்கள். அதனால் நானே சொல்லிவிட்டேன். நாளைக்கும் அவள் மொபெட்டிலேயே போகட்டும். ஆனால் அவர் கூட்டிக்கொண்டு போவதாக இருக்கக் கூடாது, நான் அனுப்பி வைப்பதாக இருக்க வேண்டும். ரெண்டுக்கும் என்ன அண்ணே வித்தியாசம் என்று கேட்டார் இவர். கல்யாணம் பண்ணிப் பாரும், தெரியும் என்றேன். இந்த வயசில் பெண் பார்த்துத் தருகிறீர்களா என்று கேட்டார். முதல் தடவையாக ஒரு மச்சான் மாதிரி பேசினார். நான் சிரிக்கவில்லை, அம்மாதான் உள்ளேயிருந்து சிரித்தாள், அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

இனி நீ செய்ய வேண்டியதைக் கேட்டுக்கொள். கண்ணை அறுத்துச் சுத்தம் செய்தால் தெளியும் என்று ஆஸ்பத்திரியில் அம்மாவிடம் சொன்னார்களாம். எனக்குச் சம்மதம். அம்மா வந்து சொன்னபோது காதில் வாங்காதவன் இப்போது சம்மதம் என்கிறேன், இவர் அதைப் பெரிய எழுத்தில் எழுதட்டும். ஆனால் என்னை அங்கே கூட்டிக்கொண்டு போவது நீயாக இருக்க வேண்டும். மகளுக்கு எதுக்கு அண்ணே அவ்வளவு தூரத்துல இருந்து அலைச்சல், நானே கூட்டிட்டுப் போறேனே என்று இவர் இந்த வரியை எழுதுவதற்கு முன்னால் சொன்னார். வேண்டாம். இவர் நல்லவர்தான், இல்லை என்று நான் எங்கேயும் சொல்லவில்லை, நல்லவராக இருப்பதுதான் எனக்குத் தொந்தரவு. வியாழக்கிழமையை இவருக்கு விட்டுக்கொடுத்துவிட்டேன். இதை விட்டுக்கொடுக்க மாட்டேன். கட்டுப் போட்ட கண்ணோடு நான் பிடித்துக்கொண்டு நடக்கிற கை உன் கையாக இருக்க வேண்டும். மாப்பிள்ளைக்கு லீவு இல்லை, பேத்திக்குப் பள்ளிக்கூடம் என்றால் நீ மட்டும் வா. நீ வருகிறவரை வண்டியில் ஏற மாட்டேன். உனக்குச் சொல்கிறேன், இவருக்கும் அம்மாவுக்கும் இல்லை, உனக்கு. வராவிட்டால் வண்டி ஓடுகிற நிலையில்தான் நிற்கிறது என்பதையும் மறந்துவிடாதே.

நீயும் உன் குடும்பமும் நோய் நொடியில்லாமல், ஒருவருக்கொருவர் மறைக்காமல், நூறு வருஷம் நன்றாக இருங்கள். பேத்திக்கு என் முத்தம். அவளுக்குக் காதை மூடித் தொப்பி போட்டு அனுப்பு, காற்று காது வழியாகத்தான் நுழையும். இவர் திருப்பிப் படித்துக் காட்டிவிட்டார், ஒரு சொல் குறையவில்லை, கடைசிப் பக்கம் படிக்கும்போது இரண்டு தடவை இருமினார், அந்த இருமல் இன்னும் நிற்கவில்லை, வரும்போது அதற்கு ஏதாவது நல்ல மருந்து இருந்தால் கொண்டு வா. அடியில் கொஞ்சம் இடம் இருக்கிறது, என் பங்குக்கு ஒரு வரி எழுதிக்கட்டுமா அண்ணே என்று கேட்கிறார். கூடாது என்று சொல்லிவிட்டேன். இது என் கடிதம். மையை எடுத்துத் தானே என் விரலைப் பிடித்து வைக்க வந்தார், அதற்கும் விடவில்லை, தடவிப் பார்த்து நானே வைத்திருக்கிறேன், கொஞ்சம் கோணலாக இருந்தால் அதற்குக் கண்தான் காரணம், அதைச் சரி செய்ய வேண்டியவள் நீ.

இப்படிக்கு,
உன் வரவுக்குக் காத்திருக்கும் அப்பா
(இடது கைக் கட்டைவிரல்)